அரைப்பேர்

சாமியார் மஸ்கெலியாவிலிருந்து
மாதம் ஒருமுறை வருவார்.
மிச்ச நாளெல்லாம் நாங்கள்தான் கோயில்:
ஆறு காம்பரா, ஒரு பீலி,
தகரத்தில் மழை பேசும்போது
அதைவிடச் சத்தமாய்ச் செபிக்கிற கூட்டம்.

புதன்கிழமை பாக்கியநாதன் அண்ணன் வீட்டில்
முறை வைத்து விளக்கேற்றுவோம்.
ஒரே ஒரு சட்டம்.
யாரோடாவது முகம் திருப்பித் திரிகிறவள்
அன்றைக்குத் திரியைத் தொடக்கூடாது.
யார் போட்ட சட்டம் என்று கேட்காதீர்கள்.
நான்தான். ஒரு நல்ல நாளில் போட்டது.

என் முறை வந்தது.
தீப்பெட்டி நனைந்துவிட்டது என்றேன்,
அடுப்புக்கு மேலிருந்து அப்போதுதான் எடுத்த தீப்பெட்டி.
செலஸ்தீனா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிள்ளைகள்கூடச் சிரிக்கவில்லை.
இருட்டிலேயே செபித்தோம்.
கடனை மன்னிக்கிற வரி வந்ததும்
எனக்கு இருமல் வந்தது.

விஷயம் இவ்வளவுதான்:
தை மாதம் நிறுவையில் நின்று
என் கூடையில் முற்றல் கிடக்கிறதென்று
கங்காணி காதில் போட்டவள் அவள்.
இரண்டு கிலோ கழித்தார்கள்.
பதினெட்டு பதினாறானது,
முழுப்பேர் அரைப்பேரானது.
முற்றல் கிடந்தது உண்மை.
அதனால்தான் கோபம் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு
ஏழாம் நம்பர் மலை ஏறினோம்.
பனி, பிறகு தூறல், பிறகு அட்டை.
கீழே மவுசாக்கலைத் தண்ணீர்
கழுவாத அலுமினியச் சட்டியாய்க் கிடந்தது.
செலஸ்தீனா பிந்தி வந்தாள்.
மகன் நிரோஷனுக்கு மூன்று நாளாய் நெஞ்சுச் சளி,
விடிய விடிய மடியில் கிடத்தியிருந்தவளின் விரல்
கொழுந்தைத் தேடித் தேடித் தவறியது.
எனக்கு அடுத்த நிரை அவளுக்கு.
நிரை பிரிப்பது கங்காணியா கடவுளா,
சில நாள் சந்தேகம் வருகிறது.

அவள் கணுக்காலில் ஓர் அட்டை
திராட்சைப் பழமாய் ஊதித் தொங்கியது.
அவளுக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்துவிட்டது.
தெரியாமலே இருந்திருக்கலாமே என்று
நாலு செடி தூரம் நடந்தேன்.

பெரிய வியாழனுக்கு டவுன் கோயிலில்
பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார்கள்.
வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து
கொண்டுவந்த கால்கள்.
இது அப்படியில்லை.
படங்கு சேற்றில் மடங்கக் குனிந்து
மடியில் முடிந்திருந்த உப்பை அவிழ்த்தேன்.
ஒரு சிட்டிகை. சுருண்டு விழுந்தது.
ரத்தம் நிற்கவில்லை, படங்கு நுனியால் அழுத்திப் பிடித்தேன்.
"என்ன?" என்றாள்.
"அட்டை," என்றேன்.
ஐந்து மாதத்தில் எங்கள் முதல் பேச்சு.

அந்தி நிறுவைக்கு வரிசை நின்றபோது
அஞ்சலை, மாரியம்மன் கோயில்காரி,
எங்கள் புதன்கிழமைப் பக்கமே வராதவள்,
தன் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி
செலஸ்தீனா கூடையில் போட்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அவளுக்கு முன்னால் நின்றவள் ஒரு பிடி.
அதற்கு முன்னால் நின்றவள் ஒரு பிடி.
அப்படியே நகர்ந்து என்னிடம் வந்தது.

என்னிடம் பத்தொன்பதுக்கு மேல் இராது.
கை கூடைக்குள் போய்
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.
முற்றல் இல்லாததாய்ப் பார்த்து இரண்டு பிடி.
இரண்டாவது பிடி வலித்தது,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
முள் பதினெட்டில் நடுங்கி நின்றது.
"செலஸ்தீனா, முழுப்பேர்."

அவள் நன்றி சொல்லவில்லை.
மன்னித்துவிட்டேன் என்று நானும் சொல்லவில்லை.
பல்லிடுக்கில் மாங்காய் நார் மாதிரி
கொஞ்சம் இன்னும் இருக்கிறது.

அடுத்த புதன், தவறிய முறை
மறுபடி என் தலையில்.
கூரை ஒழுகி
தீப்பெட்டி உண்மையாகவே நனைந்திருந்தது.
நான்கு குச்சி உரசினேன்.
ஒருவரும் நம்பவில்லை.
பாக்கியநாதன் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

செலஸ்தீனா எழுந்து வெளியே போனாள்.
போயே விட்டாள் என்று நினைத்தேன்.
கதவு திறந்தது:
சிரட்டையில் தன் அடுப்புத் தணல்,
மழை படாமல் மேலே கவிழ்த்த கை.
என் முகத்துக்கு நேரே நீட்டி
"ஊது," என்றாள்.